பழுதில்லாத லேப்டாப்பும் தனிக் கீபோர்டும்

என் லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு வருகிற யாரும் இதை நம்புவதில்லை.

சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், சீரோடு வந்த மர அஞ்சறைப் பெட்டியின் மேல் லேப்டாப் உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் திரை கண்ணுக்கு நேராக வரும். அதற்கு முன்னால் தனியாக ஒரு பெரிய கீபோர்டு. இடது பக்கம் வயர் வைத்த மவுஸ். பார்த்ததும் வருகிறவர்களின் முகம் வாடிவிடும். "உப்புக்காத்து தின்னுட்டோ?" என்பார்கள். தூத்துக்குடியில் அது நியாயமான கேள்விதான். இங்கே கடற்காற்று ஜன்னல் கம்பி, பூட்டு, கிரைண்டர் என்று ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. லேப்டாப்பின் எழுத்துக் கட்டைகள் செத்துப்போய், வேறு வழியில்லாமல் வெளியே ஒரு கீபோர்டைச் செருகி ஓட்டுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. அடுத்த தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி என்னை எங்கே பார்த்தாலும், "கடைக்குக் கொண்டாந்து வச்சிட்டுப் போங்கம்மா, சாயந்தரத்துக்குள்ள மாத்தித் தாரேன்" என்பார். "இல்ல அண்ணாச்சி, அது நல்லாத்தான் இருக்கு. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்று சொன்னால், நோயை மறைக்கிற நோயாளியைப் பார்ப்பது போல் பார்ப்பார்.

துறைமுகத்துக்குப் போகும் சரக்குகளுக்கான ஆவண வேலைகளைச் செய்துகொடுக்கும் கிளியரிங் ஆபீஸ் ஒன்றுக்கு நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் கன்டெய்னர் எண், சீல் எண், எடை என்று எண்களோடுதான் பிழைப்பு. கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கும் எண் கட்டைகளை விட்டு என் வலது கை நகராது. அதனால் மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். லேப்டாப்பின் தட்டைக் கட்டைகளில் விரல் எங்கே நிற்கிறது என்றே எனக்குத் தெரிவதில்லை. என் கீபோர்டில் ஒவ்வொரு கட்டையும் நன்றாக அமுங்கி எழும். அந்தச் சத்தம் கேட்டால்தான் வேலை ஓடும். இப்படிக் காரணங்கள் அடுக்கலாம். ஆனால் உள்ளதைச் சொன்னால், பிடிக்கும், அவ்வளவுதான்.

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மேல்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அவர்தான் தலைவர். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பார். லீவில் வரும்போது கப்பலும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். கடல் ஆட்டத்தில், கட்டாமல் விட்ட சாமான் பறந்துவந்து ஆளை அடித்துவிடுமாம். அதனால் எதுவும் சும்மா கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. கேஸ் சிலிண்டரைச் சுவரோடு சேர்த்துக் கட்டுவார். வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கயிறு போடுவார். எந்தப் புயலுக்கும் எங்கள் வீடு அசையாது. குளிக்கத்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்கும். வருகிறதே கொஞ்ச நாள், இதற்கெல்லாமா முகத்தைத் தூக்குவது என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தே பழகிவிட்டேன்.

இந்தமுறை அவர் வந்த வாரமே, நான் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பியபோது மேசை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. நடுவில் மெல்லிசாக ஒரு புது லேப்டாப். பழைய லேப்டாப் அலமாரிக்கும் அஞ்சறைப் பெட்டி சமையலறைக்கும் போயிருந்தன. கீபோர்டும் மவுஸும் பாலிதீன் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் அடங்கி, நாலு பக்கமும் கயிறு போட்டுப் பரண் ஏறியிருந்தன.

"ஏளா, பாத்தியா? இனி உனக்கு அந்த வயரு கியரு ஒண்ணும் வேண்டாம். உப்புக்காத்துல போனத வச்சிக்கிட்டு எத்தன நாளு கஷ்டப்படுவ?"

வீடியோ காலில் பேசும்போதெல்லாம் எனக்குப் பின்னால் அந்த மேசை தெரிந்திருக்கிறது. பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லையாம். முகம் முழுக்கச் சந்தோஷம். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல? "நல்லாருக்கு" என்றேன்.

ஒரு வாரம் அதில்தான் வேலை பார்த்தேன். குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது. மவுஸ் இல்லாமல் கட்டைகளுக்குக் கீழே இருக்கும் டச்பேடைத் தடவித் தடவி எரிச்சல்தான் மிச்சம். ஒருநாள் கன்டெய்னர் எண்ணில் இரண்டு இலக்கங்கள் முன்பின்னாக விழுந்து, லாரி துறைமுக வாசலில் நின்றுவிட்டது. ஆபீஸில் இருக்கும் பெண் போன் செய்து, "அக்கா, உங்களுக்கு உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். திருத்தி அனுப்பியதும் லாரி உள்ளே போய்விட்டது. ஆனாலும் தப்பில்லாமல் அடிக்கிறவள் என்ற பேர் ஒன்றுதான் எனக்கு அந்த ஆபீஸில் இருந்தது. சொன்னால் அவர் மனசு நோகும். சொல்லாவிட்டால், என் வீட்டில் எனக்கென்று இருந்த அந்த ஒரு முழ இடமும் போய்விடும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டே அன்றைக்குச் சோற்றுக்கு உலை வைத்தேன்.

அரிசியைப் போட்டுவிட்டு வந்து, "அந்தப் பெட்டிய எறக்கித் தாங்க" என்றேன்.

"எதுக்குளா? இதுல என்ன கொறை?"

"கொறை ஒண்ணுமில்ல."

"பின்ன?"

"பழசும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுல ஒரு கட்டைகூடப் போகல. எனக்கு அந்தக் கீபோர்டுதான் பிடிக்கும். வேற காரணம் கெடையாது."

அவர் பழைய லேப்டாப்பை எடுத்துத் திறந்தார். கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். எல்லா எழுத்துகளும் திரையில் வந்தன. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினார். தான் போட்ட முடிச்சுகளைத் தானே அவிழ்த்தார். சமையலறையிலிருந்து அஞ்சறைப் பெட்டியைக் கொண்டுவந்து, புது லேப்டாப்பை அதன் மேல் ஏற்றி, கீபோர்டைச் செருகினார். மவுஸை வலது பக்கம் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு இடது பக்கத்துக்கு மாற்றினார்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல, இது பிடிக்கும், இது பிடிக்காதுன்னு நீ ஒண்ணும் சொன்னதில்லையே?"

"நீங்க வீட்ல இருக்கதே கொஞ்ச நாளு. அதுல இத வேற சொல்லணுமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "சரி, இப்ப சொல்லு. இன்னும் என்னெல்லாம் பிடிக்காது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒவ்வொரு தடவையும் வாங்கிட்டு வருதீயளே, அந்த சென்ட். தலவலி வந்துரும்."

"அய்யய்யோ! பீரோ நெறய இருக்கே!"

"ஆமா."

"பெறவு?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் விளையாட்டாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் திறந்துவிட்டதே.

"நீங்க கப்பலுக்குப் போறது எனக்குப் பிடிக்கல. எப்பவுமே பிடிச்சதில்ல" என்றேன்.

அவர் எழுந்து போனார். சமையலறையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.