அட்மிஷன் அன்று அம்மா

நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கோடையில் அப்பா ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் லைனில் நின்று வேலை பார்த்தவர் அவர். அங்கிருந்த கொரிய மேலாளர்களின் பிள்ளைகள் படிக்கவென்றே பக்கத்தில் ஓர் இன்டர்நேஷனல் பள்ளி இருந்தது. அந்த வருடம் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளில் இரண்டு பேரைத் தேர்வு வைத்து, கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்களாம்.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பள்ளி புதிதல்ல. அம்மா அங்கேதான் ஒரு கான்ட்ராக்டர் மூலமாக ஹவுஸ்கீப்பிங் வேலை செய்தாள். காலையில் சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப்புக்கு வேன் வரும். புடவைமேல் சாம்பல் நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிப் போவாள். அங்கே பாத்ரூம்கூட நம் வீட்டைவிட மணக்கும் என்று சொல்லிச் சிரிப்பாள்.

படிவத்தைச் சித்தப்பா நிரப்பினார். டிப்ளமோ படித்தவர், எங்கள் வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தாயின் தொழில் என்ற கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

“ஹவுஸ் ஒய்ஃப்னு போடு,” என்றாள் அம்மா.

“பொய்யாயிடாதா அண்ணி?”

“வூட்லயும் நான்தானே வேலை செய்றேன், இதுல இன்னா பொய்யி? கூட்டித் தொடைக்கிறவ பொண்ணுன்னு தெரிஞ்சா, இவ எழுதுனதப் பாக்கறதுக்கு முன்னாடி என்னைப் பாப்பாங்க. போடு.”

சித்தப்பா போட்டார்.

அதன்பிறகு ஒரு மாதம் மாலைதோறும் சித்தப்பாவிடம் எனக்குப் பாடம். அவருடைய பாடத்தில் ஒரே ஒரு விதிதான் கண்டிப்பானது. எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லக்கூடாது. முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் மார்க். பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்பதால் அப்பாவும் மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்தார். குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தோடு அவருடைய ஆங்கிலமும் கேட்கும்.

தேர்வு ஒரு சனிக்கிழமை. அம்மாவுக்கு அன்றும் டியூட்டி. வேன் வருவதற்குள் எனக்குத் தலை பின்னிவிட்டாள். ரிப்பனை முடிந்துகொண்டே, “அங்க என்னைப் பாத்தா கூப்புடாத. சிரிக்காத. யாரோ வேலை செய்ற அம்மான்னு நெனச்சுக்கினு போய்கினே இரு. தெரிஞ்சிதா?” என்றாள்.

எனக்கு அது ஒரு விளையாட்டு போலத்தான் தோன்றியது. உற்சாகமாகத் தலையாட்டினேன்.

பள்ளிக்குள் ஏசி குளிர்ந்தது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு மிஸ் என்னை உட்காரவைத்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னார். தட்டுத் தடுமாறிப் படித்தேன். கணக்கு சுலபமாக இருந்தது. பிடித்த இடத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது எங்கள் வீட்டைப் பற்றி ஐந்து வரி எழுதினேன்.

பிறகு, கட்டணம் கட்டிச் சேர வந்திருந்த பிள்ளைகளும் நாங்களுமாக ஆறு பேரை ஒரு பெரிய அறைக்கு அழைத்துப் போனார்கள். ஸ்ட்ராக்களை ஒட்டி ஒரு பாலம் கட்டி, அதற்கு வண்ணம் பூச வேண்டும். இரண்டு மிஸ்கள் நோட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பதாக நான் நினைத்தேன். எங்களைத்தான் கவனித்துக் குறித்துக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

பாலம் பாதி எழும்பியபோது ஒரு கொரியப் பையனின் முழங்கை பட்டு, தூரிகை கழுவும் நீலத்தண்ணீர் கவிழ்ந்தது. ஒரு மிஸ் வாக்கிடாக்கியில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் வாளியும் மாப்புமாக உள்ளே வந்தது அம்மா.

என்னைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகள் கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார்கள். தண்ணீர் மேஜைக்கடியில் மூலைவரை ஓடியிருந்தது. மாப்பு அங்கே எட்டவில்லை. அம்மா மண்டியிட்டு உள்ளே நுழைந்தாள். வீட்டில் குடம் சாய்ந்தால் நானும் அவளும் சேர்ந்துதான் துடைப்போம். கை சும்மா இருக்கவில்லை. வாளியிலிருந்த இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு நானும் மேஜைக்கடியில் புகுந்தேன்.

அங்கே எங்கள் முகங்கள் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. “எழுந்து போடி,” என்றாள், உதடு அசையாமல். கண்ணில் அப்படியொரு கோபம். அம்மா எவ்வளவு நன்றாக விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு என் பங்கைத் துடைத்து முடித்தேன்.

வெளியே வந்தால் அந்தக் கண்ணாடி மிஸ் நின்றிருந்தார். இந்த ஆன்ட்டியை உனக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். அம்மா தலை குனிந்து துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“நோ மிஸ்,” என்றேன். உடனே சித்தப்பாவின் விதி நினைவுக்கு வந்தது. “ஐ டு நாட் நோ ஹெர்,” என்று முழு வாக்கியமாகச் சொன்னேன். அன்று காலையிலிருந்து நான் திக்காமல் பேசிய ஆங்கிலம் அதுதான்.

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பெற்றோரிடம் பேசும் அறையில் அப்பா மட்டும் இருந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி, தம் மூன்று வாக்கியங்களையும் பிசகாமல் ஒப்பித்தார். வீட்டில் உங்கள் மகள் என்ன செய்வாள் என்று கேட்டார்கள். அது மனப்பாடத்தில் இல்லாத கேள்வி. “ஹெல்ப் மதர், மேடம்,” என்றார்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சித்தப்பா வரிவரியாகத் தமிழில் சொன்னார். வாசிப்பு சுமார், ஆங்கிலத்துக்குத் தனி வகுப்பு தேவைப்படும். கணக்கு நன்று. முன்பின் அறியாத ஒரு பணியாளருக்கு, யாரும் சொல்லாமலே தரையில் இறங்கி உதவினாள். இந்தக் குணத்தைப் பள்ளி பெரிதாக மதிக்கிறது. இடம் கொடுத்திருந்தார்கள்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மட்டும், “அந்த வரிய இன்னொரு வாட்டி படி,” என்றாள்.

சித்தப்பா படித்தார்.

“முன்ன பின்ன தெரியாதவங்கன்னா போட்டுக்கீது?”

“ஆமா அண்ணி.”

“சரி,” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “மிஸ்ஸு கேட்டப்போ பயந்துட்டியா கண்ணு?”

“இல்லமா. திக்கவே இல்ல. ஃபுல் சென்டன்ஸா சொன்னேன், கேட்ட இல்ல?”

“கேட்டேன். கெட்டிக்காரி,” என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று சாப்பாடு பரிமாறும்வரை வெளியே வரவில்லை.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது அம்மா அந்த வேலையை விட்டாள். குனிந்து நிமிர முட்டி வலிக்கிறது என்றாள். அடுத்த திங்கட்கிழமையே பென்னலூர்ப் பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்தாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை.

முதல் நாள் புதுச் சீருடையில் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தேன். வராந்தாவை வேறு யாரோ ஒரு அம்மா துடைத்துக்கொண்டிருந்தார். இனி அந்த விளையாட்டை விளையாட வேண்டியதில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. முட்டி வலிக்கிறவள் எதற்காக எட்டு மணி நேரம் நிற்கிற வேலைக்குப் போனாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.