டெமோ அக்கா உட்கார்ந்தது

முதலில் இடது செருப்பைக் கழற்றுவார், பிறகு வலது. "இப்ப நல்லா கவனிங்கம்மா" என்றபடி, வளைந்த பலகையில் கறுப்புத் தோல் மெத்தை பதித்த அந்தச் சாய்வு நாற்காலிக்குள் மெல்ல இறங்கிக் கண்ணை மூடிக்கொள்வார். வாங்க வந்த கணவனும் மனைவியும் எதிரே நின்று, ஏதோ ஆபரேஷன் நடப்பதைப்போல் பார்ப்பார்கள். மூடிய கண் மூடியபடி இருக்க, பேச்சு மட்டும் தொடரும். "முதுகு எங்க படுது, கழுத்து எங்க நிக்குது, பாருங்க. எழுபது வருஷத்துக்கு முந்தின டிசைன் இது. வரைஞ்ச ஆளு யாரோ தெரியாது. மனுஷனுக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்ச ஆளு."

இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய விளக்கம் பன்னிரண்டு நிமிடம் நீளும். அதற்குக் காரணம் உண்டு.

அந்த மூன்று மாடிக் கடையில் எல்லோரும் அவரை டெமோ அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது ஐம்பத்து நான்கு. பத்தொன்பது வருடமாக நாற்காலி விற்கிறார். காலை ஒன்பதரை முதல் ராத்திரி எட்டரை வரை வேலை. சாப்பிடும் அரை மணி போக மற்ற நேரமெல்லாம் ஊழியர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் இருநூறு நாற்காலி, நடுவில் நிற்கிற ஒன்பது பெண்கள். இதைவிடப் பெரிய கேலிக்கூத்தை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. கேட்டால், வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதையாம். வாடிக்கையாளருக்கு உட்கார்ந்து காட்டலாம், அது மட்டும் தப்பில்லை. அந்த ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து அதற்குள் பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தியவர் அக்கா. கடையில் அதிகம் விற்பவரும் அவர்தான்.

பெட்டியில் அச்சடித்த பெயர்கள் அவர் வாயில் நுழைவதில்லை. நுழைய அவர் விடுவதுமில்லை. முதுகுக்கட்டை இரண்டாகப் பிரிகிற மர நாற்காலி அவருக்குக் கவட்டை. ஒரே தண்டில் பூப்போல விரிகிற வெள்ளை மேசை ஒத்தைக்கால். ஆளை முழுசாக விழுங்கி, உட்கார்ந்தபடியே சுற்றுகிற பெரிய நாற்காலி முட்டை. போனில் படத்தைக் காட்டி, "இதுதான் இப்ப எல்லார் வீட்லயும் இருக்குதாமே?" என்று வருகிறவர்களிடம், "ஓ, கவட்டையா? வாங்க வாங்க" என்று முன்னே நடப்பார். ஒரிஜினலா என்று கேட்டால் கூசாமல் உண்மையைச் சொல்வார். "இல்லீங்க, காப்பி. ஒரிஜினல் வாங்குறவங்க நம்ம பஸ் ஸ்டாப் பக்கம் வர மாட்டாங்க. அளவு அதேதான். உங்க முதுகுக்கு வித்தியாசம் தெரியாது." இதற்காக மேலிடத்தில் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை.

வீட்டில் இருப்பது இரண்டே பிளாஸ்டிக் நாற்காலி. வந்ததும் அதில்கூட உட்கார மாட்டார். தரையில் மல்லாந்து, கால் இரண்டையும் சுவரில் சாய்த்துக் கிடப்பார். கணவர் தையல்காரர். "நீங்க உக்காந்தே சம்பாதிக்கிறீங்க, நான் நின்னே சம்பாதிக்கிறேன். ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கலாமா?" என்பார் அக்கா. அந்த நல்ல மனிதர் அவர் கெண்டைக்காலைப் பிடித்துவிடுவார். அங்கே நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கிறது. மணிக்குப் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். மகளுக்குக் கல்லூரி முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. வேலையை விடுகிற பேச்சுக்கே இடமில்லை.

இந்த நிலையில்தான் முதலாளியின் மகன், கடையில் சின்னவர் என்று அழைக்கப்படுபவர், மாடி அறையில் கேமரா பார்த்து அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைக் கண்டுபிடித்தார். புதன்கிழமை காலை தூணில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஊழியர்கள் எக்காரணம் கொண்டும் இருக்கைகளில் அமரக் கூடாது. மீறினால் வேலை நீக்கம்.

"அப்ப எப்படி சார் விக்கிறது?"

"வாயால சொல்லுங்க, போதும்."

"வாய் நல்லாத்தான் சார் இருக்கு. காலுதான் வலிக்குது." அக்கா டாக்டரின் சீட்டை நீட்டினார். சின்னவர் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப வீட்ல ரெஸ்ட் எடுங்கக்கா."

அக்கா மூன்று நாள் நின்றார். சனிக்கிழமை சாயங்காலம் வலது கால் வீங்கிச் செருப்புக்குள் போக மறுத்தது. கடையில் நல்ல கூட்டம். அக்கா ஒரு செருப்போடு நடந்து, தெருவைப் பார்த்த கண்ணாடியோரம் இருந்த முட்டையிடம் போனார். அதைக் கடைப்பக்கமாகத் திருப்பினார். கேமராவுக்கு நேர் கீழே, எதிரில் ஒரு வாடிக்கையாளரும் இல்லாமல், உட்கார்ந்தார்.

சின்னவர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். பில் போடும் பெண் முந்திக்கொண்டாள். "அக்கா கஸ்டமருக்குக் காட்டிட்டு இருக்காங்க சார்!"

பக்கத்தில் மேசைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது போலும். "ஆமாங்க, நான்தான் கேட்டேன்" என்றார்.

தப்பிக்க அது போதும். தலையை ஆட்டியிருந்தால் மறுநாளிலிருந்து பழைய ஓட்டையே மறுபடி திறந்திருக்கும். அக்காவுக்கு அந்த ஓட்டை சலித்துவிட்டது.

"இல்ல சார். இவர் நல்ல மனுஷன், எனக்காகச் சொல்றாரு. நான் யாருக்கும் காட்டல. கால் வலிக்குது, உக்காந்திருக்கேன்."



"எல்லார் முன்னாடியும் என்ன இது? முதல்ல எந்திரிங்க."

"பத்து நிமிஷம் ஆகட்டும். எந்திரிச்சு வந்து ஒரு சோபாவை வித்துத் தர்றேன்."

"நோட்டீஸ் படிச்சீங்கல்ல?"

"படிச்சேனே. நின்னுக்கிட்டுத்தான் படிச்சேன்."

யாரோ சிரித்தார்கள். சின்னவரின் காது சிவந்தது. "அப்ப நாளையிலேர்ந்து..."

"நாளைக்கும் வருவேன். மணிக்குப் பத்து நிமிஷம் உக்காருவேன். என்னைத் தூக்கணும்னா இப்பவே, இவங்க எல்லாரும் கேக்க, காரணத்தைச் சத்தமா சொல்லித் தூக்குங்க. நாற்காலிக் கடையில ஒருத்தி உக்காந்துட்டா, அதுக்காகத் தூக்குறோம்னு சொல்லுங்க."

சின்னவர் சுற்றிலும் பார்த்தார். விலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் இப்போது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கங்கே நின்ற மற்ற எட்டுப் பெண்களும் அவரைத்தான் பார்த்தார்கள்.

அக்கா குனிந்து, முட்டையோடு சேர்ந்த சின்னக் கால்மணையை அருகில் இழுத்தார். வீங்கிய வலது காலை இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் வைத்தார். பிறகு இடது செருப்பையும் உதறிவிட்டு, அந்தக் காலையும் தூக்கி வைத்துக்கொண்டார்.