சங்கு ஊதாத இருபது நிமிடங்கள்

அக்கா இல்லாமல் ஒரு மழைக்காலம் முழுதாகக் கடந்துவிட்டது. முதலாம் ஆண்டுப் படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும், அவருடைய ஒரே தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது உறுவையாறு கிராமத்தில். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்தார். எட்டாவது படித்துக்கொண்டிருந்த அக்கா அத்தோடு பள்ளியை விட்டு, அம்மா போய்க்கொண்டிருந்த நடவுக்கும் களையெடுப்புக்கும் தான் போனார். நான் படித்து வில்லியனூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஆனது அந்தக் கூலியால்தான். பாகூர்ப் பக்கம் தென்பெண்ணைக் கரையோர ஊரில் அவரைக் கட்டிக்கொடுத்தோம். மகளுக்கு நான்கு வயதாகும்போது மாமா காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின் தெருமுனைப் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் தற்காலிக வேலை கிடைத்தது. அதை வைத்தே மகளை நர்ஸ் படிப்பு வரை கொண்டுவந்தார்.

அந்தத் தெரு பள்ளத்தில் இருக்கிறது. மேலே அணையைத் திறந்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வந்துவிடும். ஆகவே பால்வாடி மாடியில் பேட்டரியில் ஓடும் அபாயச் சைரன் ஒன்றை வைத்தார்கள். ஊரார் அதைச் சங்கு என்றே சொன்னார்கள். அதன் சுவிட்ச் சமையலறையில் இருந்ததால் பொறுப்பு அக்காவுக்கு வந்தது. தாலுகா அலுவலகத்திலிருந்து போனில் சொன்னால் மட்டுமே ஊத வேண்டும் என்பது விதி.

முதல் முறை உத்தரவு வந்தது, ஊதினார். பிள்ளைகளையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு தெருவே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது. தண்ணீர் கரையைத் தாண்டவில்லை. திரும்பும்போது டீக்கடையில் ஒருவர், "யாருக்கும்மா சங்கு ஊதுன? எங்களுக்கா?" என்றாராம். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் அக்கா இதை என்னிடம் போனில் இரண்டு முறை சொன்னார்.

அடுத்த கார்த்திகையில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. ஆற்றோரம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள், தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிவருகிறது என்று சொல்லிக்கொண்டு ஓடிவந்தார்கள். அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்தார். "மேலேருந்து தகவல் வரலீங்க. வந்ததும் சொல்றோம், அதுவரைக்கும் ஊதாதீங்க" என்றார்கள். சுவிட்சின் பக்கத்திலேயே நின்றார். இருபது நிமிடம் கழித்து உத்தரவு வந்தது, ஊதினார். அதற்குள் கரை உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குப்புசாமி அண்ணன், ஆற்றோரக் கொட்டகையில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்க்கப் போயிருந்தார். மாடுகள் நீந்தி வந்து சேர்ந்தன. அண்ணனை மறுநாள் முள்வேலியோரம் கண்டெடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தில் அவருடைய மனைவி அஞ்சலை அண்ணி, எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏக்கா, நீ அங்கதான நின்னுனு இருந்த? கொஞ்சம் முன்னாடி ஊதியிருந்தா இன்னா?"

அக்கா தலையைக் குனிந்தபடி நின்றார். அதன்பின் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. தண்ணீர்க் குழாயில் அந்த வீட்டுக் குடம் இருந்தால், அது நிறையும் வரை அக்கா தள்ளியே நிற்பார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி ஆறு நிறம் மாறியது. அந்த முறை அக்கா யாருக்கும் போன் செய்யவில்லை. ஊதினார். யாரும் கிளம்பாத வீடுகளில் கதவைத் தட்டிக் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு மணி நேரத்தில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஓர் உயிரும் போகவில்லை. உத்தரவின்றி ஊதியது ஏன் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "தண்ணி வந்துச்சு, ஊதினேன். இன்னொரு தபா வந்தாலும் ஊதுவேன்" என்று எழுதிக்கொடுத்ததாக மகளிடம் சொல்லியிருக்கிறார். நல்லவேளையாக வேலை போகவில்லை. ஆனால் அவர் முகத்தில் பழைய தெளிவு திரும்பவும் இல்லை.

பிறகு சிறுநீரகம் பழுதானது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். பதினோரு மாதம் பொறுத்துக்கொண்டு, ஒரு விடியற்காலையில் அடங்கிவிட்டார்.

அவரைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், அழைத்த நேரமெல்லாம் வண்டி எடுத்துவந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், இறுதி ஊர்வலத்தில் கடைசி வரை நடந்துவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசி மாதத்தில் கேட்காமலேயே கஞ்சி கொண்டுவந்தவர் அஞ்சலை அண்ணி. "வாய தொறக்கா, ஆறிடப் போவுது" என்பதைத் தவிர அவர் எதுவும் பேசவில்லை. அக்கா அழுதுகொண்டே குடித்தார்.

அண்ணி, இந்தப் பக்கத்தை உங்கள் பிள்ளைகள் உங்களுக்குப் படித்துக்காட்டட்டும். கரை உடைந்த அன்று, அலுவலகத்தில் ஊதாதே என்றதும் அக்கா அடுத்து எனக்குத்தான் போன் செய்தார். "தண்ணி ஏறுது தம்பி, ஊதிடவா?" என்று கேட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே நான் சொன்னேன்: "ஆர்டர் இல்லாம ஊதாதக்கா. போன தபா பேச்சு கேட்டது பத்தாதா? வேல போயிடும்." "நீ சொன்னா சரிடா" என்று வைத்துவிட்டார்.

நீங்கள் கேட்ட அன்று நானும் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாகும் வரை யாரிடமும் சொல்லவும் இல்லை. நீங்கள் அவரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான், அண்ணி. படையல் முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.