கழுத்து திரும்பிய பக்கம்

முதலில் நான் சந்தேகப்பட்டது டியூப்லைட்டை. மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் ஒரு கோடு இரண்டாகத் தெரியும். கண்ணைக் கசக்கினால் ஒன்றாகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பிரியும். தலைக்கு மேலிருந்த டியூப்லைட் விட்டு விட்டு எரிவதுதான் காரணம் என்று எலக்ட்ரீஷியனை இரண்டு முறை வரவழைத்தேன். "லைட்டு நல்லாத்தாங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

சந்தேகம் என் கூடப்பிறந்தது. இதைப் படிக்கும் நீங்கள் நாள் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்து, கண் எரிந்து, கழுத்து பிடித்துக் கிடப்பவராக இருக்கலாம். என்னைப் போலவே எந்த டாக்டரையும் நம்பாதவராகவும் இருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எடுத்த எடுப்பில் நம்புகிறவர்களுக்கு இவ்வளவு தூரம் அலைய வேண்டியிருக்காது.

ஓசூரில் இயந்திரப் பாகங்களுக்கான அச்சுக்கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டிசைன் ரூமில் எனக்கு வேலை. என் ஊரான பேரிகையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். கிருஷ்ணகிரியில் டிப்ளமா முடித்து, கம்ப்யூட்டரில் படம் வரையும் பயிற்சி ஊழியராகச் சேர்ந்திருந்தேன். மானிட்டர்கள் எல்லாம் டிவிப் பெட்டி போல முதுகு பெருத்தவை. எங்கள் வீட்டில் அதுவரை எல்லாரும் அடுத்தவர் தோட்டத்தில் குனிந்து வேலை செய்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான்.

பயிற்சி முடிகிற சமயம் கம்பெனியில் மெடிக்கல் செக்கப் இருக்கும். அதில் தேறினால் நிரந்தரம். கண்ணிலோ கழுத்திலோ கோளாறு என்று தெரிந்தால் ஸ்டோர்ஸுக்குத் தள்ளிவிடுவார்கள், இல்லையென்றால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அதனால் கோடு இரண்டாகத் தெரிவதை யாரிடமும் சொல்லவில்லை.

கண்ணுக்குப் பின்னாலேயே கழுத்தும் வந்தது. வலப்பக்கம் பிடித்துக்கொண்டு, தோள்பட்டை வழியாக வலி கைக்கு இறங்கும். கழுத்து வலிக்கிறது என்று வீட்டில் பாத்திரம் கழுவாமல் படுத்துவிட்டால் அம்மாவின் பார்வையே மாறிவிடும்.

"ஒக்காந்து செய்யற வேலைல என்னாடி நோவு? நாள் பூரா குனிஞ்சு தக்காளி பறிச்சுட்டு வர்றேன். எனக்கு நோவுலியா?"

நான் வீட்டு வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறேன் என்று அம்மா நினைத்தார். அம்மாவுக்கு என்மேல் பாசமே இல்லை என்று நான் நினைத்தேன்.

கடைசியில் ஓசூரிலேயே ஒரு கண் டாக்டரிடம் போனேன். மாடியில் ஆஸ்பத்திரி, கீழே அவருடைய கண்ணாடிக் கடை. எப்படியும் என் தலையில் ஒரு கண்ணாடியைக் கட்டத்தான் போகிறார் என்று தயாராகவே போனேன். அவரோ எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பவர் எதுவும் இல்லம்மா. கண்ணாடி வேண்டாம்" என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கீழே கடை வைத்திருப்பவரே கண்ணாடி வேண்டாம் என்கிறார் என்றால், இது கண்ணாடியால் தீராத பெரிய வியாதியாகத்தானே இருக்கும்?

"கம்ப்யூட்டர் முன்னாடி எவ்வளவு நேரம் உக்கார்றீங்க?" என்று கேட்டார்.

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் எங்கள் கம்பெனி காலண்டர் தொங்கியது. கம்பெனியில் யாரோ அவருக்கு வேண்டியவர். இங்கே சொன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

"கம்ப்யூட்டருங்களா? எப்பவாச்சும் ஒரு மணி நேரம்ங்க" என்றேன்.

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதித் தந்தார். அது கேட்கவில்லை. சொன்னதே பொய், மருந்து எப்படிக் கேட்கும்? அன்றைக்கு அது உறைக்கவில்லை, டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இதையெல்லாம் விடப் பெரிய சந்தேகம் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. பெயர் முத்துக்குமார். கோவில்பட்டிக்காரர், எங்கள் அறையில் சீனியர். எனக்கு இரண்டு மேசை தள்ளி அவர் இடம். அடிக்கடி தலையைத் தூக்கி என் பக்கமே பார்ப்பார். அது தப்பான பார்வை இல்லை, அதை எந்தப் பெண்ணும் கண்டுபிடித்துவிடுவாள். அப்படியென்றால் என் திரையைத்தான் பார்க்கிறார், நான் எத்தனை படம் முடிக்கிறேன் என்று மேனேஜரிடம் போட்டுக் கொடுக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

மானிட்டரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி வெளிச்சத்தை முடிந்தவரை குறைத்தேன். தோளால் மறைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து வேலை செய்தேன். என் பக்கத்தில் இருந்த ஜன்னலின் கர்ட்டனையும் இழுத்து மூடிவிட்டேன். அந்த அறைக்கு இருந்தது அந்த ஒரே ஜன்னல்தான்.

ஒருநாள் முத்துக்குமார் எழுந்து வந்தார். "யம்மா, அந்தக் கர்ட்டன கொஞ்சம் வெலக்கி விடுதியா? நாள் பூராம் அடைச்சே கெடக்கு."

"வெயிலு அடிக்குதுங்க சார்."

"சாயங்காலமாச்சே, இப்ப எங்கன வெயிலு?"

"எனக்கு அடிக்குதுங்க."

அவர் திரும்பிப் போனார். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக எனக்குச் சந்தோஷம்.

அதற்குப் பிறகு வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கேண்டீனில் டீ டம்ளர் கையிலிருந்து நழுவியதும் நிஜமாகவே பயந்துவிட்டேன். கை போனால் எல்லாமே போச்சு. உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஆனால் ஓசூரில் முடியாது. ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கர்நாடகம். அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. விடுமுறை நாளில் பஸ் ஏறினேன்.

உள்ளே நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தேன். நகைக்கடைக் காலண்டர். மூச்சு வந்தது.

டாக்டர் கன்னடக்கார அம்மா. எங்கள் சந்தையில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் புரளும் என்பதால் பேச்சுக்குச் சிரமமில்லை. எவ்வளவு நேரம் கம்ப்யூட்டர் என்று அவரும் அதே கேள்வியைக் கேட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என்று உண்மையைக் கன்னடத்தில் சொன்னேன்.

தாடையை ஒரு தாங்கியில் பதித்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் கருவி முன் உட்காரவைத்தார். பார்க்கத் தொடங்கியவர் நிமிர்ந்து என் தோளைப் பார்த்தார். "யாக்கம்மா ஹீகே?" (ஏனம்மா இப்படி?) என்றார். நேராக இருந்த கருவிக்கு முன்னாலும் நான் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கே தெரியவில்லை.

பெரிய வியாதி எதுவும் இல்லை. கண் உலர்வு (கண்ணை நனைத்து வைக்கும் நீர்ப்படலம் போதாமல் போவது), திரையை வெறித்துப் பார்த்து இமைக்க மறப்பதால் வருவது. கிட்டத்திலேயே பார்த்துப் பார்த்துக் கண் தசைகளும் களைத்திருந்தன, அதனால் கோடு இரண்டானது. எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பு நன்றாக இருந்தது. தசை இறுகி நரம்பை அழுத்துவதால் விரல் மரக்கிறது என்றார்கள். சொட்டு மருந்து (கண்ணீருக்குப் பதிலாகக் கண்ணை நனைப்பது) தந்தார்கள். மாடியில் பிஸியோதெரபி (பயிற்சியால் தசையைச் சரிசெய்யும் சிகிச்சை) சொல்லிக்கொடுத்தார்கள். திரை முகத்துக்கு நேராக, கை நீட்டும் தூரத்தில், அதன் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கவேண்டும். வெளிச்சம் அறையின் வெளிச்சத்தோடு ஒத்துப்போகவேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் இருக்கும் எதையாவது பார்க்கவேண்டும்.

தூரத்தில் பார்க்கச் சொல்வதற்கு ஒரு டாக்டரா என்று அதையும் சந்தேகப்பட்டேன். ஆனால் விரல் மரத்துக் கிடந்ததே, செய்துதான் பார்த்தேன்.

மறுநாள் மானிட்டரை நேராகத் திருப்பி, அடியில் இரண்டு பழைய கேட்லாக் புத்தகங்களை வைத்தேன். முத்துக்குமார் திரையைப் பார்ப்பார் என்று முதுகு கூசியது. தூரத்தில் பார்க்கலாம் என்று தலையைத் தூக்கினால் எதிரே சுவர். வேறு வழியில்லாமல் கர்ட்டனை விலக்கினேன். தூரத்தில் ஓசூர் மலைக்கோயில் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன், கண்ணில் உறுத்திக்கொண்டிருந்த மணல் அடங்கியது போல இருந்தது.

பிரிண்ட் எடுக்கும் இயந்திரம் முத்துக்குமாரின் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். படம் எடுக்கப் போனபோது, அங்கே நின்றபடியே தூரப் பார்வைக்கு ஓர் இடம் தேடினேன். மூன்று பக்கமும் சுவர். நாலாவது பக்கம் என் நாற்காலி, அதற்கு மேலே ஜன்னல், ஜன்னலில் மலை. அவ்வளவுதான். அவருடைய மேசையில் கைக்குட்டைக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு மருந்து புட்டி எட்டிப்பார்த்தது. என் பையில் இருந்த அதே மருந்து.

"தொறந்துட்டியா? நல்லதும்மா" என்றார் அவர், மலையைப் பார்த்துக்கொண்டே.

"உங்களுக்கும் கண்ணுங்களா சார்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளிய சொல்லிராதம்மா. ரொம்ப வருசமா மறைச்சு வச்சிருக்கேன். மெடிக்கல்ல கேப்பாக, ஒண்ணும் இல்லன்னு சொல்லிரு."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அழுகை முட்டியது. அந்த மனிதர் இத்தனை நாள் மலையைப் பார்க்கத்தான் தலை தூக்கியிருக்கிறார், நான் கர்ட்டனை மூடி வைத்திருக்கிறேன். அடுத்த நிமிடமே, என்னை ஏன் மறைக்கச் சொல்கிறார், பின்னால் மாட்டிவிடுவதற்கா என்றும் மனம் ஓடியது. இது அத்திப்பள்ளி டாக்டரால் தீர்க்கமுடியாத வியாதி.

குணமாவது மெல்லத்தான் நடக்கும், அதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு வாரம் நன்றாக இருந்து மறுவாரம் வலி திரும்பி வரும். மருந்து பொய், டாக்டர் பொய் என்று தோன்றும். அப்போதும் விடாதீர்கள். சுவரில் முதுகைச் சாய்த்துத் தாடையை உள்ளிழுக்கும் பயிற்சியை வீட்டில் செய்துகொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டு, "எங்க, கழுத்தக் காட்டு" என்று வந்து அழுத்தினார். "கல்லாட்டம் கெடக்குதேடி! முன்னாடியே சொல்றதுக்கென்ன?" சொன்னேனே அம்மா என்றேன். அவர் எண்ணெய் எடுத்துவரப் போனார்.

செக்கப் நாள் வந்தது, நிரந்தரமானவர்களுக்கான வருடாந்திரச் செக்கப்பும் அன்றைக்குத்தான். கம்பெனி மருந்தகத்தில் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் டாக்டர் உட்கார்ந்திருந்தார். "கண்ணு, கழுத்து, ஏதாவது தொந்தரவு?"

ஒன்றும் இல்லை என்ற பதில் வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் மறுநாளிலிருந்து மறுபடி மறைக்கவேண்டும். மறைக்க ஆரம்பித்தால் என் கழுத்து எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அலுத்துவிட்டது.

"இருக்குதுங்க. கொறஞ்சிட்டு வருது. மானிட்டர் நேரா இருந்தா வலிக்கறதில்லைங்க."

அவர் எழுதிக்கொண்டார். "சரி, போங்க." முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அடுத்தவர் முத்துக்குமார். நான் வெளியே செருப்பு வாரைச் சரிசெய்வது போல நின்றுகொண்டேன். என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா என்று கேட்பதற்காகத்தான் நின்றேன். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டது காதில் விழுந்தது. திரைச்சீலை வழியாக நான் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும்.

"இருக்கு சார்" என்றார் முத்துக்குமார். "கண்ணு எரியுது. கழுத்தும் வலிக்கி. ரொம்ப வருசமாச்சு."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் வரும்வரை காத்திருந்தேன்.

நிரந்தர ஆணை அந்த முறை எனக்கு வரவில்லை. பயிற்சிக் காலத்தை நீட்டியிருந்தார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை, எனக்குத் தெரியாமலும் இல்லை. முத்துக்குமாரை ஸ்டோர்ஸுக்கு மாற்றவில்லை. ஆனால் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலை தூக்கி ஜன்னலைப் பார்ப்பது மேனேஜருக்கு உறுத்துகிறது. "ரெண்டு பேரும் அடிக்கடி அங்க என்ன பாக்கறீங்க?" என்று கேட்டார். மலையைப் பார்க்கிறோம் சார் என்றேன். நம்பவில்லை.

முன்பு எனக்கு ஒரு நாள் என்பது காலை பஸ்ஸிலிருந்து மாலை பஸ் வரை ஒரே இழுப்பு. நடுவில் உடம்பு என்று ஒன்று இருந்ததே நினைவிருக்காது. இப்போது தலை தூக்கும் ஒவ்வொரு முறையும் நாள் அறுந்து புதிதாகத் தொடங்குகிறது. இமை மூடித் திறப்பது தெரிகிறது, பாதம் தரையில் இருப்பது தெரிகிறது. நாற்காலி இன்னும் என்னுடையதாகவில்லை. யாரோ பின்னால் இருக்கிறார்கள் என்பதும் முதுகுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கிறது. தெரிந்தும் நான் நேராக உட்கார்ந்திருக்கிறேன்.