என் காருக்கு என்னைத் தெரியவில்லை

போன மாதம் ஒரு முகூர்த்த நாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மல்லசமுத்திரத்துக்கு வெளியே, எங்கள் புது மனைத் தெருவில் கார் கிளம்ப மாட்டேன் என்றது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும், ஒரு விநாடி பிடிக்கும், பிறகு இருமிவிட்டு அடங்கிவிடும். முன்னால் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் சிமிட்டல்களை எண்ண ஆரம்பித்தேன். என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. மாடிப்படி, வேகத்தடை, பந்தியில் விழுந்த இலை என்று எதைப் பார்த்தாலும் எண்ணியாக வேண்டும். எண்ணி என்ன கண்டாய் என்று கேட்காதீர்கள். அன்றைக்கும் ஒன்றும் காணவில்லை.

ஜேடர்பாளையத்தில் என் கடைசித் தங்கை மகளுக்குக் கல்யாணம். கூடப் பிறந்த மாமன் என்று நான் ஒருவன்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் பெண் மணவறைக்குப் போவாள். பட்டம் என் சட்டைப் பையில் இருந்தது. நான் தெருவில் இருந்தேன். வாடகைக் கார் கேட்டு போன் செய்த இடத்திலெல்லாம், "இன்னிக்குங்களா?" என்று சிரித்தார்கள்.

கார் பழசு. வாங்கிய புதிதில் மகன் விளக்கிச் சொல்லியிருந்தான். சாவியின் கறுப்புத் தலைக்குள் சின்னதாக ஒரு சில்லு இருக்கிறதாம். கார் அதைப் படித்துப் பார்த்து, நம் ஆள்தான் என்று தெரிந்தால்தான் பெட்ரோல் விடுமாம். இத்தனை வருஷத்தில் எந்தத் திருடனும் அந்தக் காரைச் சீண்டவில்லை. அன்று காலை அது என்னையே திருடன் என்று முடிவு கட்டிவிட்டது.

எதிர் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே வந்தார். "தள்ளிப் பாக்கலாங்களா?" என்றார். இந்த வகைக் காரைத் தள்ளிப் பிரயோசனமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சும்மா நிற்க முடியவில்லை. அவர் தள்ள, நானும் கதவோரம் நின்று தள்ள, தெருமுனை வரை போய்த் திரும்பி வாசலுக்கே வந்தோம். விளக்கு சிமிட்டிக்கொண்டே கூட வந்தது. எரியாத பெட்ரோலின் வாசனையும், ஓடைக்கு அந்தப் பக்கமிருக்கும் ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. இந்த இரண்டும் சேர்ந்தால் எனக்குச் சங்ககிரி ரோடுதான் ஞாபகம் வரும்.

இதே தங்கையின் கல்யாணம். அப்போது நான் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். முதலாளியிடம் ஓர் அம்பாசிடர் இருந்தது. எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கும், சாவி இல்லாவிட்டாலும் பெரிய கஷ்டமில்லை. அதனால் முதலாளி பொழுது சாய்ந்ததும் பானெட்டைத் தூக்குவார். பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் கட்டைவிரல் அளவு ரோட்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். அது இல்லாமல் வண்டி உயிர் பிடிக்காது. அன்றைய திருட்டுத் தடுப்பு அவ்வளவுதான்.

மேட்டூர் அணையில் வேலையாயிருந்த எங்கள் தாய்மாமாவைப் பட்டம் கட்டக் கூட்டிவர அந்தக் காரை இரவல் வாங்கிப் போனேன். வரும் வழியில் முதலாளியின் ரோட்டர் தந்திரத்தைப் பெருமையாகச் சொன்னேன். மாமா எதையும் அரைகுறையாகக் கேட்கிறவர் அல்ல. சங்ககிரி தாண்டிக் காப்பி குடிக்க நிறுத்தினோம். குடித்துவிட்டு வந்து பார்த்தால் வண்டி கிளம்பவில்லை. மாமா பின் சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்துக் களத்தில் ஜவ்வரிசி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்களாகவே வந்து வண்டியில் கை வைத்தார்கள். மேட்டில் ஏற்றி, இறக்கத்தில் உருட்டி, மறுபடி மேட்டில் ஏற்றினார்கள். எல்லோர் கையிலும் மாவு. காரின் முதுகெங்கும் வெள்ளை வெள்ளையாகக் கைகள். நான் எண்ணிக்கொண்டே வந்து, எண்ணிக்கை தப்பி விட்டுவிட்டேன். கடைசியில் மாமா கண் விழித்து, "ஏஞ்சாமி, இதைய எங்கிட்டக் கேட்டிருக்கலாமுல்ல?" என்று வெற்றிலைப் பைக்குள்ளிருந்து ரோட்டரை எடுத்து நீட்டினார். அடுத்தவர் வண்டியாயிற்றே, களவு போய்விடக் கூடாது என்று காப்பிக் கடையில் அவரே கழற்றி வைத்திருக்கிறார்.

தள்ளிய அம்மாள் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பொருளத்தான் ஒளிச்சு வெச்சீங்க. நீங்களாச்சு எறங்கியிருந்தா பாதிப் பாரம் கொறஞ்சிருக்குமுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

நாங்கள் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். குறித்த நேரம் எப்போதோ போயிருந்தது. வருகிறோமா, வழியில் கிடக்கிறோமா என்று அங்கே யாருக்கும் ஒரு சேதியும் இல்லை. தங்கை ஈரம் காய்ந்த தலையோடு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "மாமன் வந்தாச்சு" என்று யாரோ சொல்ல, மேளம் எழுந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இந்தக் காலையிலோ நிமிஷத்துக்கொரு போன். தங்கைதான். "எங்கண்ணா வர்றீங்க?"

என் மனைவி போனைப் பிடுங்கி, "திருச்செங்கோடு தாண்டியாச்சு கண்ணு" என்று அளந்துவிட்டாள். வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான். அடுத்த நிமிஷம் தங்கை மகன் பேசினான். "அத்தை, லொகேசன் அனுப்பி உடுங்க, பாத்துக்கறோம்." அவள் என்னைப் பார்த்தாள். இப்போது பொய் சொல்லக்கூட வழியில்லை. அனுப்பினோம். அதன் பிறகு போன் வரவில்லை. நான் மறுபடி காருக்குள் உட்கார்ந்து சிமிட்டல்களை எண்ண ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் தண்ணியாச்சும் குடிக்கலாம், ஊட்டுச் சாவியக் குடுங்க" என்று மனைவி கொத்தைக் கையில் வாங்கினாள். "ஏனுங்க, இதென்ன, கார்ச் சாவி ரெண்டு தொங்குது?"

"ராத்திரிதான் பீரோவுல இருந்து எடுத்துக் கோத்தேன். ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு வேணுமுல்ல."

"ஒரே வளையத்துல கோத்து வெச்சா, தொலையறப்ப ரெண்டும் கைகோத்துக்கிட்டுத் தொலையுமுங்க" என்று சொல்லி, ஒரு கார்ச் சாவியை மட்டும் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுக் கொத்தோடு உள்ளே போனாள்.

கை சும்மா இராமல் அதைப் போட்டுத் திருப்பினேன். கார் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. இரண்டு சில்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காருக்கு யார் குரல் எது என்று குழம்பிவிடும் என்று பிற்பாடு மகன் சொன்னான். நான் பத்திரத்துக்குப் பத்திரம் சேர்த்ததில் என்னையே பூட்டிக்கொண்டிருக்கிறேன்.

திருச்செங்கோடு வழியில் எத்தனை வேகத்தடை என்று அன்று எண்ணவில்லை. மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேடையில் மாலை மாற்றி முடிந்திருந்தது. பெண்ணின் நெற்றியில் பட்டம் இருந்தது. என் சித்தப்பா மகன் கட்டியிருக்கிறான். அவனும் முறைக்கு மாமன்தான், குறை சொல்ல முடியாது. மண்டபத்தைச் சாயங்காலம் வேறு விசேஷத்துக்கு விட்டிருக்கிறார்கள், வீடியோக்காரர்கள் அவசரப்படுத்தினார்களாம்.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊட்டு வாசல்லயே நிக்குதுன்னு காட்டுச்சுங்ண்ணா. நாங்க என்ன பண்றது?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அதனால என்ன அம்மிணி" என்று பையிலிருந்த பட்டத்தை அவள் கையில் கொடுத்தேன். அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள்.

பந்தியில் உட்கார்ந்தபோது அவள் பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டு எதிரே நின்றாள். நாங்கள் எங்கே கிடக்கிறோம் என்று தெரியாமல் தன் கல்யாணத்தன்று உச்சி வரை எழாமல் உட்கார்ந்திருந்தவளும் இவள்தான். எங்கே என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் அவளும் எழுந்து மணவறைக்குப் போயிருப்பாளோ என்னவோ.