அக்கா மகனின் மொட்டை

சிங்கப்பூரில் பிறந்த அக்கா மகன்மேல் எனக்குப் பதினெட்டு வருடப் பொறாமை. "அவனுக்கு ரெண்டு நாடு" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் வயிறு எரியும். என் மகன் தருவைகுளத்தில் கடலுக்குப் போகிறான்.

மாதா கோயில் திருவிழாவுக்கு அக்கா வந்தபோது, அவள் மகன் மொட்டைத் தலையோடு நின்றான். "வேளாங்கண்ணி நேர்ச்சையா?" என்று கேட்டேன்.

"சிங்கப்பூர் பட்டாளத்துல போட்ட மொட்டை, சித்தி. அங்க பொறந்த பயலுவளுக்கு ரெண்டு வருசம் கட்டாயம். லீவுல வந்திருக்கேன்."

"அதான் ரெண்டு நாடு இருக்கே, இவன் இங்கனயே இருந்துற வேண்டியதுதானக்கா?"

"அவன்ட்ட இருக்க இந்தியா கார்டு வந்து போகத்தான், குடியுரிமை இல்லயாம்ளா. திரும்பிப் போகலன்னா ஜெயிலுதான்."

உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லக் கூசுகிறது.

அப்போது என் மகன் மீனோடு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து சோறு கேட்டான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடமாக அவள் மகனை நான் அப்படித்தான் பார்த்தேன்.