சுகம் என்று போடு

பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை மாட்டக்கூடச் சித்தி விடமாட்டாள். "படிடி" என்பாள். பட்டாளத்திலிருந்து சித்தப்பா போட்ட கார்டுகளைத்தான். நேற்றுப் படித்ததையே இன்றும் படிக்க வேண்டும். கேட்டுக்கொண்டே எழுந்து போய் மாட்டைப் பார்ப்பாள், திரும்பி வருவாள், "விட்ட எடத்துலேர்ந்து படி" என்பாள். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊர் அரியலூருக்குப் பக்கம். வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த நான் ஒருத்திதான்.

திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று கண்ணில் பட்டது. சித்தப்பா நலம் விசாரித்த கையோடு, தான் பார்த்த ஏதாவது ஒன்றை எழுதியிருப்பார். 'இங்கே மழை விடவில்லை. போர்வையில் ஆட்டுக்கிடை வாசம் அடிக்கிறது' என்று ஒரு கார்டில். அந்த இடம் வந்ததும் சித்தி நடப்பதை நிறுத்திவிடுவாள். எங்கள் பதிலில் அப்படி ஒன்றும் இருக்காது. பெண்டாட்டி தன் பேரில் புருஷனுக்குக் கடிதம் போடுவது அப்போது எங்கள் பக்கம் வழக்கமில்லை. தாத்தா சொல்லுவார், நான் எழுதுவேன். சித்தியின் பங்கு அதில் ஒரே வரி: 'வீட்டிலும் சுகம்.'

கார்டு பாழாகக் கூடாது என்று முதலில் சிலேட்டில் எழுதித்தான் பெயர்த்தெழுதுவேன். அன்றைக்கும் தாத்தா, "மழ இல்ல, பருத்தி காயுது, வூட்டுல எல்லாரும் சொகம்னு போடு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். தபால்காரர் கீழத்தெருவைச் சுற்றி வருவதற்குள் முடித்தாக வேண்டும். எனக்குக் கை துறுதுறுத்தது. சித்தப்பா மாதிரியே எழுதிப் பார்த்தேன். 'சித்தி களிக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறாள். ரயில் ஊதினால் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். உங்கள் பிள்ளை நடக்கிறான். தபால்காரர் காக்கிச் சட்டையைப் பார்த்து அப்பா என்று கூப்பிடுகிறான்.'

சித்திக்குப் படித்துக் காட்டினேன். அசையாமல் நின்றாள். "இன்னொரு தரம்" என்றாள். படித்தேன்.

"ஏ பாப்பா, கார்டு ஆச்சா? நான் அடுத்த ஊருக்குப் போவ வேணாமா?" என்று வாசலில் தபால்காரர் சத்தம் போட்டார்.

"இது வேணாம்டி. தாத்தா சொன்னபடி எழுது."

"நல்லா இல்லியா சித்தி?"

"இதப் படிச்சா அவங்களுக்கு அங்க சோறு எறங்காது."

உப்புச் சங்கதியைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. "உப்ப மட்டும் அழிச்சிடட்டா?" என்றேன்.

சித்தி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு ஈரக் கையால் சிலேட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டாள். தபால்காரர் முணுமுணுத்துக்கொண்டு நிற்க, தாத்தா சொன்னதைக் கார்டில் கிறுக்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கு நான் சித்தியோடு பேசவில்லை. எழுத்து சரியில்லை, அதை முகத்துக்கு நேரே சொல்ல மனசில்லாமல் ஏதோ சாக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். அடுத்த தடவை இன்னும் நன்றாக எழுதிக் காட்ட வேண்டும் என்று ரோஷம் வந்தது. சித்தப்பாவின் கார்டுகளை மறுபடி பரப்பி வைத்துக்கொண்டு, நான் எங்கே பிசகினேன் என்று விளக்கு வைக்கும்வரை தேடிக்கொண்டிருந்தேன்.